மெல்லிய கத்திதான் மலைக்கு ஏற்றது

மலையேறவோ கூடாரம் போட்டுத் தங்கவோ ஒரு கத்தி வாங்கப் போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும், "முதுகு எத்தனை மில்லிமீட்டர்?" என்றுதான் முதலில் கேட்பேன். நீளம் தெரிந்திருக்கும். எஃகின் பெயர் தெரிந்திருக்கும். யூடியூபில் யாரோ அந்தக் கத்தியைச் சுத்தியலால் அடித்துக் கட்டையைப் பிளந்ததும் தெரிந்திருக்கும். கூருக்கு எதிர்ப்பக்கமான அந்த முதுகின் தடிமன் மட்டும் தெரிந்திருக்காது. விற்பனைப் படங்களில் கத்தியைப் பக்கவாட்டில் படுக்கவைத்துத்தான் எடுக்கிறார்கள், அதனால் முதுகு கண்ணில் படுவதே இல்லை. ஆனால் வெங்காயம் நறுக்குவதிலிருந்து விறகு சீவுவது வரை கத்தி எப்படி வேலை செய்யும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்த அளவுதான்.

நான் கோவையில், எஃகைக் காய்ச்சிக் குளிரவைத்துக் கடினமாக்கும் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். ஷாஃப்ட், கியர், டை (அச்சு) என்று உலையிலிருந்து இறங்கும் உருப்படிகளை ராக்வெல் மெஷினில் வைத்துக் கடினம் பார்ப்பதுதான் அன்றாட வேலை. வேலை இல்லாத நாட்களில் ஏற்காட்டில் நண்பர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில் கூடாரம் போடுவோம். லீவு சேர்ந்தால் உத்தராகண்ட், இமாச்சல் பக்கம் போவோம். இரும்பும் பிடிக்கும், மலையும் பிடிக்கும், அதனால் கத்தி மேல் எனக்குத் தனி அக்கறை உண்டு. மடக்குக் கத்தியைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. கீலுக்குள் மண்ணும் வெங்காயச் சாறும் புகுந்துவிட்டால் காட்டில் உட்கார்ந்து சுத்தம் செய்ய முடியாது. அதனால் முகாமுக்கு எப்போதும் மடங்காத கத்திதான் என் தேர்வு.

எதை வாங்குவது என்பதற்கு முன் எங்கே கொண்டுபோகக் கூடாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆவது பிரிவின்படி, எழுத்துமூலமான முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. ஆயுதம் என்றால் என்ன என்று அதே சட்டம் தரும் பட்டியலில் துப்பாக்கி, வில் அம்பு, வலை, கண்ணி இவற்றோடு கத்தியும் பெயர் சொல்லியே இருக்கிறது. இத்தனை அங்குலத்துக்கு மேல் என்ற கணக்கெல்லாம் அங்கே கிடையாது. தேசியப் பூங்காவுக்கும் இதுதான் விதி. முதுமலை, ஆனைமலை, களக்காடு முண்டந்துறை என்று நாம் ஆசைப்பட்டுப் போகும் காடுகள் எல்லாம் இதற்குள் வருகின்றன. "சின்னக் கத்திதானே சார்" என்று செக்போஸ்ட்டில் சொல்லிப் பயன் இல்லை.

வடக்கே உத்தராகண்ட் போகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பூக்களின் பள்ளத்தாக்கு ஒரு தேசியப் பூங்கா. ஹர் கி தூன் போகும் வழி கோவிந்த் சரணாலயப் பகுதிக்குள் போகிறது. சோப்தா, துங்நாத் பக்கம் கேதார்நாத் வனவிலங்குச் சரணாலயம். பாதையை முடிவு செய்ததும் அது பாதுகாக்கப்பட்ட பகுதியா என்று பார்த்துவிட்டு அப்புறம் பையைக் கட்டுங்கள்.

2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு என்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளுக்கு ஆன்லைனில் பதிவு செய்துகொண்டு, வழிகாட்டியோடு போகலாம். நானும் போகிறேன், ஆனால் கத்தி எடுத்துப்போவதில்லை. காலையில் ஏறி மாலையில் இறங்கும் பாதையில் கத்திக்கு வேலையே இல்லை. வெள்ளியங்கிரி ஏறுகிறவருக்கு மூங்கில் தடியும் தண்ணீரும் போதும்.

கத்தியை வைத்திருப்பது பற்றிய பொது விதி வேறு. ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுத வகையில் வருகிறது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. நான் சொல்லப்போகும் 4 அங்குலக் கத்தி இந்த அளவுக்கு எங்கோ கீழே இருக்கிறது. அதற்காகப் பேருந்து நிலையத்தில் இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கலாம் என்று அர்த்தமில்லை. உறையில் போட்டு, துணியில் சுற்றி, பையின் அடியில் வையுங்கள். விமானம் என்றால் செக்-இன் லக்கேஜில்தான் போக வேண்டும். கையில் கொண்டுபோனால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக்கொள்வார்கள்.

ஆக, நமக்குக் கத்தி உண்மையில் தேவைப்படுவது தனியார் தோட்டம், விவசாய நிலம், அனுமதி பெற்ற முகாம் இடங்கள் போன்றவற்றில்தான். அங்கே ஒரு ராத்திரி தங்கினால் கத்தி என்ன வேலை செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சாம்பாருக்கோ தக்காளிச் சாதத்துக்கோ காய் நறுக்குகிறோம். பால் பாக்கெட்டை வெட்டுகிறோம். தார்ப்பாய் கட்ட நைலான் கயிறு அறுக்கிறோம். கூடாரத்து முளை ஒன்று தொலைந்துபோனால் குச்சியைச் சீவி முளை செய்கிறோம். தோட்டக்காரர் சம்மதித்து, காய்ந்த பருவமும் இல்லாமல் இருந்தால், தீ மூட்டுவதற்கு மிலாறு, அதாவது சிறு கிளைக்குச்சி, சீவுகிறோம். இதில் முக்கால் பங்கு சமையலறை வேலை.

மரம் வெட்டும் வேலை நமக்கு வருவதே இல்லை. வந்தாலும் அது கத்தியின் வேலை இல்லை. காப்பித் தோட்டத்தில் கொடுவாளுக்கும் கிளை கழிக்கும் கவாத்துக் கத்திக்கும் பஞ்சமே கிடையாது. மூங்கில் பிளக்கவும் இளநீர் சீவவும் அங்கே வேலை செய்கிறவர் கையில் இருக்கும் கொடுவாளுக்கு இணையாக எந்த வெளிநாட்டுக் கத்தியும் நிற்காது. கனமும் வளைவும் அந்த வேலைக்கென்றே அமைந்தவை. தட்டுகிற வேலைக்கு அவரிடம் கொடுவாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கும் கத்தி அறுக்கட்டும், சீவட்டும், அது போதும்.

தடிமன் விஷயம் இங்கேதான் வருகிறது. அமெரிக்காவில் விற்கும் முகாம் கத்திகளில் பெக்கர் பி.கே.2 என்று ஒன்று பிரபலம். அலகு 5.25 அங்குலம், முதுகு கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். எடை கிட்டத்தட்ட அரைக் கிலோ. உறுதியான கருவி, சீக்கிரம் உடையாது. பைன் கட்டையை அதன் முதுகில் அடித்து அடித்துப் பிளந்து குளிர்காய்கிறவர்களுக்கு அது சரி. அதே தடிமனில் ஒரு கேரட்டை நறுக்கிப் பாருங்கள். விளிம்பு பாதி இறங்குவதற்குள் அலகின் பக்கங்கள் ஆப்பு மாதிரி அகட்டி, கேரட் 'டக்'கென்று பிளந்து ஒரு துண்டு புல்லுக்குள் போய் விழும். கத்தி மழுங்கியிருக்கிறது என்று நினைத்து இன்னும் சாணை பிடிப்பார்கள். எவ்வளவு கூராக்கினாலும் கேரட் பிளக்கத்தான் செய்யும், ஏனென்றால் இடைஞ்சல் விளிம்பில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் இரும்பில்.

கத்தியை மதிப்பிட நான் செய்யும் சோதனை இதுதான். விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் மேலே, தடிமன் அளக்கும் வெர்னியரை மெல்ல மூடிப் படிப்பேன். நல்ல சமையல் கத்தி அங்கே அரை மில்லிமீட்டருக்குக் கீழே காட்டும். பல தடித்த முகாம் கத்திகள் ஒரு மில்லிமீட்டரை நெருங்கிவிடும், சில தாண்டிவிடும். கூர் எவ்வளவு நாள் நிற்கும், காய்க்குள் எவ்வளவு இலகுவாக இறங்கும், கல்லில் தேய்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதெல்லாம் அந்த ஒரு எண்ணில் தெரிந்துவிடும். கடையில் வெர்னியர் கொடுக்க மாட்டார்கள்தான். கத்தியின் நுனியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி, விளிம்பின் நீளவாக்கில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், முதுகிலிருந்து விளிம்பு வரை எப்படி மெலிந்து வருகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

இந்தக் கணக்கெல்லாம் போட்டுப் பார்த்தால் முதலில் நினைவுக்கு வருவது சுவீடன் நாட்டு மோரா கத்தி. மோரா என்பது அங்கே ஒரு ஊர். அதன் பக்கத்தில் ஓஸ்ட்னோர் என்ற கிராமத்தில் 1891இல் தொடங்கிய பட்டறையிலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. தச்சர்களும் மீனவர்களும் மின்வாரிய ஊழியர்களும் அன்றாடம் வேலைக்கு வைத்துக்கொள்ளும் சாதாரணக் கத்தி, அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்கானது இல்லை. அவர்களுடைய கம்பேனியன் மாடலின் துருப்பிடிக்காத வகையில் அலகு 104 மில்லிமீட்டர், தடிமன் 2.5 மில்லிமீட்டர், உறையோடு சேர்த்து எடை சுமார் 120 கிராம். விலையும் நம்மூரில் கிடைக்கும் இறக்குமதிக் கத்திகளில் குறைவானதுதான்.

அதன் விளிம்பை ஸ்காண்டி கிரைண்ட் என்பார்கள். அலகு முழுத் தடிமனோடு கீழே வந்து, கடைசி ஐந்தாறு மில்லிமீட்டரில் மட்டும் இரண்டு பக்கமும் சரிந்து, நேராக விளிம்பில் முடிகிறது. விளிம்புக்கு என்று தனியாக இன்னொரு சரிவு இல்லை. இரண்டு பக்கச் சரிவும் சேர்ந்து 25 டிகிரியை ஒட்டி வரும். மரம் சீவுவதற்கு இதைவிடச் சுகமான அமைப்பு எனக்குத் தெரியாது. அந்தச் சரிவு கட்டை மேல் படிந்து உட்கார்ந்துகொள்ளும், எவ்வளவு ஆழம் சீவ வேண்டும் என்பது கைக்குத் தானாகத் தெரியும். காய் நறுக்கும்போது சரிவு முடியும் இடத்தில் இருக்கும் தோள்பட்டை கொஞ்சம் தடுக்கும், அது உண்மை. முதுகிலிருந்தே விளிம்பு வரை மெலிந்து வரும் ஃபிளாட் கிரைண்ட் சமையலுக்கு இன்னும் நல்லது. சமைக்க மட்டும்தான் கத்தி என்றால் ஃபிளாட் கிரைண்டைப் பாருங்கள். தீ மூட்டுவதிலும் குச்சி சீவுவதிலும் ஆசை இருந்தால் ஸ்காண்டி.

காப்பி மிலாறு ஒன்றைக் கட்டைவிரல் தடிமனில் எடுத்துக்கொள்ளுங்கள். கவாத்துக்குப் பின் காய்ந்து கிடப்பது நன்றாக இறுகியிருக்கும். வெளிப்பட்டை பனியில் நனைந்திருந்தாலும் உள்ளே உலர்ந்திருக்கும். முதலில் மிலாற்றின் தலையில் கத்தியை வைத்து, இன்னொரு குச்சியால் முதுகில் தட்டி இரண்டாகப் பிளக்கலாம். கணு இல்லாத இடமாகப் பார்த்துச் செய்தால் 2.5 மில்லிமீட்டர் அலகு தாராளமாகத் தாங்கும். பிளந்த பாதியை ஒரு கல்லின் மேல் சாய்த்து நிறுத்தி, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையைக் கீழே இறக்குங்கள். சரிவு கட்டையோடு ஒட்டிப் போக வேண்டும். முதல் இரண்டு இழுப்பில் முனைகள் தட்டையாகிப் போகும். அடுத்ததில் மெல்லிய சீவல் ஒன்று எழுந்து சுருண்டு, அடியில் ஒட்டிக்கொண்டே நிற்கும். அதை அறுத்துவிடாமல் நிறுத்திவிட்டு, மிலாற்றை லேசாகத் திருப்பி அடுத்த சீவல். இப்படிப் பத்துப் பதினைந்து சுருள் சேர்ந்துவிட்டால் ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொள்ளும். தடித்த கத்தி இந்த வேலையில் சுருளை எழுப்பாது, சிம்பு சிம்பாகப் பிய்த்துப் போடும்.

சீவும்போது மடியில் வைத்துச் சீவாதீர்கள். தொடையின் உள்பக்கம் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. கத்தி வழுக்கினால் மலை மேல் ஆஸ்பத்திரி கிடையாது. முழங்கையை முட்டி மேல் ஊன்றி, கால்களுக்கு வெளியே தள்ளிச் சீவ வேண்டும். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கீழே வைத்தால் மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் வீட்டில் அப்பத்தா கண்டிப்பாகச் சொல்வார். சண்டை வரும் என்பது அவர் சொன்ன காரணம். கூடாரத்துக்குப் பக்கத்தில், டார்ச் வெளிச்சத்தில், ஈரக் கையோடு வேலை செய்யும்போது அந்தப் பழக்கத்தை அப்படியே வைத்துக்கொள்வதுதான் நல்லது.

எஃகுக்கு வருவோம். நம் மலைகளுக்குத் துருப்பிடிக்காத எஃகுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. கார்பன் எஃகு கூரேற்ற எளிது, அடிபட்டாலும் தாங்கும், அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் ராத்திரி முழுக்க மஞ்சு இறங்கினால் காலையில் அலகில் செம்புள்ளி விழுந்திருக்கும். நம் சமையலும் புளிப்பு: தக்காளி, எலுமிச்சை, புளி, மாங்காய். கார்பன் எஃகில் ஒரு கிளிமூக்கு மாங்காயைக் கீற்றுப் போட்டுப் பாருங்கள். மூன்றாவது கீற்றுக்குள் அலகில் நீலமும் கறுப்பும் கலந்த கறை படரும், மாங்காயின் வெட்டு முகம் கறுக்கும், உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டு வாயில் வைத்தால் இரும்பு வாடை அடிக்கும். நாளடைவில் அந்தக் கறையே ஒரு பூச்சாக நின்று துருவைக் கொஞ்சம் தடுக்கும் என்பது உண்மை. சமைத்துச் சாப்பிடும் கத்தியில் எனக்கு அது வேண்டாம்.

மோராவின் துருப்பிடிக்காத கத்திகள் பலவற்றில் வரும் 12சி27 என்ற எஃகில் கார்பன் சுமார் 0.6 சதவீதம், குரோமியம் 13.5 சதவீதம். கடினம் ராக்வெல் அளவில் 56 முதல் 58 எச்.ஆர்.சி. கேட்டால் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் அதன் உள்கட்டமைப்பு மிக நுண்ணியது, அதனால் மெல்லிய விளிம்பும் உதிராமல் நிற்கிறது, எந்தக் கல்லிலும் சீக்கிரம் கூரேறுகிறது. 12சி27ஐச் செய்யும் அதே ஆலையின் 14சி28என் என்பதில் நைட்ரஜனும் சேர்கிறது, துருவை இன்னும் நன்றாகத் தாங்கும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பல கத்திகளில் டி2 என்று போட்டிருக்கும். டி2 எங்கள் பட்டறைக்குப் பழைய சிநேகிதம், டை செய்ய அருமையான எஃகு. கார்பன் ஒன்றரை சதவீதம், குரோமியம் 12. கார்பைடு என்ற மிகக் கடினமான துகள்கள் பெரிது பெரிதாக இருப்பதால் தேய்மானம் குறைவு. அதே காரணத்தால் சாதாரணக் கல்லில் கூரேற்றுவது பெரும்பாடு. குரோமியத்தில் கணிசமான பங்கு அந்தத் துகள்களுக்குள் போய்விடுவதால் ஈரத்தில் துருவும் பிடிக்கும். மலைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

எஃகின் பெயரைவிட அதற்குக் கொடுத்த சூடுதான் பெரிது. ஒரே எஃகு, ஒரே அளவு, இரண்டு பட்டறை: உலையில் எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் இருந்தது, எவ்வளவு வேகமாகக் குளிர்ந்தது, பிறகு எத்தனை டிகிரியில் பதப்படுத்தினார்கள் என்பதில் மாறுபட்டால் ஒன்று கத்தியாகும், இன்னொன்று தகடாகவே இருக்கும். இதைப் பெட்டியின் மேல் யாரும் எழுதுவதில்லை. வருஷக்கணக்கில் அதே மாடலை அதே எஃகில் செய்துகொண்டிருக்கும் நிறுவனமாகப் பார்த்து வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

நம் கொல்லர்களிடம் செய்து வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக வாங்கலாம், நான் வாங்கியிருக்கிறேன். எங்கள் பக்கத்துச் சந்தைக்கு வரும் ஒரு கொல்லரிடம் போய் 4 அங்குல அலகு, முதுகு 3 மில்லிமீட்டர் என்று அட்டையில் வெட்டிக் காட்டினேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இத்தன மெல்லிசா அடிச்சா தேங்கா ஒடைக்க ஆகாதுங்களே" என்றார். "தேங்காய்க்கு இல்லைங்கண்ணா, வெங்காயத்துக்குத்தானுங்" என்றேன். "அப்பச் சரிங்" என்று லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டை எடுத்துப் போட்டார்.

லாரிப் பட்டை நல்ல இரும்பு. கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம் இருக்கும், சிலிக்கனோ குரோமியமோ சேர்ந்திருக்கும். ஆனால் பட்டையாக வண்டியில் இருக்கும்போது அது வளைந்து கொடுக்க வேண்டும் என்பதற்காகக் கடினத்தை அதே ராக்வெல் அளவில் நாற்பதுகளில் நிறுத்தியிருப்பார்கள். அதை அப்படியே கிரைண்டரில் தேய்த்து வடிவம் கொடுத்து 'ஸ்பிரிங் ஸ்டீல்' என்று விற்றால், பார்க்கக் கத்திபோல இருக்கும், கூர் நிற்காது. அடித்து வடிவம் வந்தபின் மறுபடி சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கித் தோய்ச்சல் கொடுத்திருக்க வேண்டும். அந்தக் கொல்லர் விளிம்புப் பக்கத்தை மட்டும் எண்ணெயில் முக்கினார், முதுகை வெளியே விட்டார். பிறகு அடுப்புத் தணலுக்கு மேல் காட்டி, விளிம்பில் வைக்கோல் மஞ்சள் ஓடி வரும் நேரத்தில் எடுத்துவிட்டார். தெர்மாமீட்டர் கிடையாது, கண்தான். மறுநாள் பட்டறையில் புது அரத்தை வைத்துப் பார்த்தேன். முதுகில் அரம் கடித்துத் தூள் எடுத்தது, விளிம்பில் வழுக்கிக்கொண்டு ஓடியது. விளிம்பு கடினம், முதுகு இளக்கம்: நாங்கள் லட்சக்கணக்கில் மெஷின் போட்டுச் செய்வதை அவர் ஒரு தகர டப்பா எண்ணெயில் செய்துவிட்டார்.

பட்டையில் செய்ய வைப்பதாக இருந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பழைய பட்டையில் வருஷக்கணக்கில் ஆடிய களைப்பால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கலாம். துளை போட்ட நடுப் பகுதியை விட்டு எடுக்கச் சொல்லுங்கள். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சி அரிவாளுக்குப் பேர்போன ஊர். அங்கேயும் மற்ற ஊர்களிலும் இருக்கும் கொல்லர்கள் இப்படிச் சின்னதாக, மெல்லியதாக முகாம் கத்தி அடித்து, நல்ல உறையோடு விற்றால் நான் முதல் ஆளாக வாங்குவேன். கைத்திறனுக்குக் குறைவே இல்லை, இப்படி ஒரு தேவை இருக்கிறது என்பதை நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

கைப்பிடிக்குள் அலகின் வால் கடைசி வரை போக வேண்டும், ஃபுல் டாங் இல்லாவிட்டால் வாங்காதே என்பார்கள். கட்டையை அடித்துப் பிளக்கும் கத்திக்கு அது நியாயம். மோரா கம்பேனியனில் வால் கடைசி வரை போகாது, ஆனாலும் அறுப்பதற்கும் சீவுவதற்கும் போதும். முழு வால்தான் வேண்டும் என்று மனசு கேட்காவிட்டால் அவர்களுடைய கார்பெர்க் இருக்கிறது, 109 மில்லிமீட்டர் அலகு, 3.2 தடிமன், விலை பல மடங்கு. நான் கைப்பிடியில் பார்ப்பது வேறு. ஈரக் கையால் பிடித்தால் வழுக்கக் கூடாது. விரலுக்கு விரல் பள்ளம் வெட்டிய பிடிகளை ஒதுக்கிவிடுங்கள், அந்தப் பள்ளங்கள் யாரோ ஒருவர் கைக்குச் செய்தவை, நம் விரல் அவற்றில் உட்காராது. பத்து நிமிஷம் சீவினால் கொப்புளம் வந்துவிடும். நடுவில் லேசாகப் பருத்த, உருண்ட பிடி யார் கைக்கும் பொருந்தும். விரல் முன்னால் வழுக்கி அலகில் படாதபடி ஒரு சின்னத் தடுப்பு இருக்கட்டும்.

உறை தோலில் இருந்தால் அழகுதான். ஆனால் நம் மழைக்கு அது ஆகாது. நனைந்தால் இரண்டு நாளைக்குக் காயாது, பூஞ்சை பிடிக்கும், அலகையும் அரிக்கும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை உள்ள பிளாஸ்டிக் உறை போதும். தலைகீழாகப் பிடித்து உதறினால் கத்தி விழக் கூடாது, வாங்கும்போதே உதறிப் பாருங்கள்.

கூரேற்றுவதற்குத் தெருவில் வரும் சாணைக்காரரிடம் இந்தக் கத்தியைக் கொடுக்காதீர்கள். அரிவாள்மனைக்கு அவர் சக்கரம் சரி. மெல்லிய விளிம்பில் தண்ணீர் இல்லாமல் சக்கரம் ஓடினால் சூடு சில விநாடியில் ஏறிவிடும். நீலம் தெரிந்துவிட்டால் அந்த இடம் குறைந்தது 300 டிகிரியை ஒட்டிப் போயிருக்கிறது என்று அர்த்தம், உலையில் கொடுத்த பதம் அங்கே போய்விட்டது. ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசும் உள்ள கார்போரண்டம் கல் கிடைக்கும், அதோடு இன்னும் நைசான 1000 கிரிட் தண்ணீர்க்கல் ஒன்று இருந்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஸ்காண்டி விளிம்பில் கோணம் தேட வேண்டியதில்லை. சரிவைக் கல்லில் அப்படியே படியவைத்துத் தள்ளினால் போதும். சரிவு முழுவதும் மார்க்கர் பேனாவால் கறுப்பு அடித்துவிட்டு நான்கு தடவை தேயுங்கள். கறுப்பு எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே கல் தொடவில்லை. முகாமில் கூர் குறைந்தால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு இல்லாத சொரசொரப்பான வளையத்தில் லேசாக இழுத்தாலே ஓரளவு திரும்பிவிடும்.

திரும்பி வந்ததும் கழுவித் துடைத்து, தேங்காயெண்ணெய் ஒரு துளி தடவி, உறைக்கு வெளியே வைப்பேன். மலைக் குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்துபோகுமே என்று கேட்பார்கள். உறைந்தாலும் அலகில் படிந்து காக்கும், காய் நறுக்கும்போது வாயில் போனாலும் கெடுதல் இல்லை. நல்லெண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுத்துப் பிடிக்கும்.

என்னோடு வேலை செய்பவரின் மகள் கல்லூரியில் படிக்கிறாள், தோழிகளோடு பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போகப் பதிவு செய்திருக்கிறாள். போன வாரம் போனில் ஒரு கத்திப் படத்தைக் காட்டி, "மாமா, இது நல்லா இருக்குமா?" என்றாள். ஏழு அங்குல அலகு, முதுகில் ரம்பப் பல், பிடிக்குள் திசைகாட்டி. அந்தப் பயணத்துக்குக் கத்தியே வேண்டாம் கண்ணு, அது தேசியப் பூங்கா, அந்தக் காசுக்கு நல்ல மழைக்கோட்டு வாங்கு என்றேன். முகாம் ஆசை அப்புறமும் இருந்தால் மோரா கம்பேனியன், துருப்பிடிக்காத வகை. என்னுடையதை எடுத்துப் பார்க்கச் சொன்னேன், அப்பத்தா சொன்னபடி கீழே வைத்துத்தான். அவள் கைக்குச் சரியாகவே இருந்தது, ஒரு உருளைக்கிழங்கைத் தாள் மாதிரி சீவிப் பார்த்துவிட்டு அதையே வாங்குவதாகச் சொல்லிவிட்டாள். கவாத்து முடிந்ததும் அப்பாவோடு ஏற்காட்டுக்கு வருகிறாள். கல் மட்டும் வாங்க வேண்டாம், என்னிடம் இரண்டு இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.